ஐந்து கட்டையில் பூட்டிய கிட்டார்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

மகள் கல்யாண வரவேற்புக்குக் கச்சேரி. ரொம்ப சந்தோஷம். மண்டபம் எது, மேடை எவ்வளவு அகலம், எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒன்று கேட்டீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "கிட்டார் வாசிக்கிற பையன் வருவானில்லையா? என் மகள் அவனுக்காகத்தான் உங்கள் குழு வேண்டும் என்கிறாள்" என்றீர்கள்.

வெளியே பலகையைப் பார்த்திருப்பீர்கள். வெயிலுகந்தன் இன்னிசைக் குழு. வெயிலுகந்தன் நான்தான். பாடுகிறவனும் நான்தான். கோவில்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் தொண்டையைப் பற்றிச் சொல்வார்கள். நீங்கள் கேட்டது கிட்டார்க்காரனை. பரவாயில்லை. எனக்கு அதெல்லாம் மனசில் படாது.

ஆமோஸ் பின்கட்டில்தான் இருக்கிறான். ஒயர் சுற்றிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வருவான், பார்க்கலாம். ஆனால் கிட்டாரைப் பற்றி மட்டும் அவனிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவனை நான் கண்டுபிடித்தது சர்ச்சில். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். அப்பா இல்லாத பையன், அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை. நான்தான் மேடை ஏற்றினேன். வேட்டி கட்டத் தெரியாது, நான்தான் கட்டிவிட்டேன். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று என் நிழலிலேயே நிற்பான். மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்குப் பிள்ளை மாதிரி என்று நான் சொல்வதுண்டு. அவன் விஷயத்தில் அது வெறும் பேச்சில்லை சார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். கட்டை என்றால் சுருதி. ஒரு பாட்டை ஐந்து கட்டையில் ஒத்திகை பார்த்திருப்போம். அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தால் நாலு கட்டைக்கு இறக்கிப் பாடுவேன். அதை மைக்கில் சொல்ல முடியுமா? சொன்னால் கூட்டம் என்ன நினைக்கும்? அதனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல் காட்டுவேன். நாலு விரல் என்றால் நாலு கட்டை. கீபோர்டு பால்ராஜ் ஒரு பொத்தானை அமுக்குவான், முடிந்தது. தபேலாக்காரர் வேறு தபேலாவை இழுத்து முன்னால் வைப்பார். ஆமோஸ் கிட்டார் கழுத்தில் விரலை இரண்டு கட்டம் தள்ளி வைத்து வாசித்துவிடுவான்.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் அது முடியாது. ஒரு பழைய மழைப் பாட்டு. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் பாடிக் காட்டச் சொல்வீர்கள். அதற்கு முன்னால் ஆமோஸ் தனியாக ஒரு முன்னிசை வாசிப்பான். அவனே அமைத்தது. அதில் விரல் படாத தந்திகள் சும்மா ஒலித்துக்கொண்டே இருக்கும், மேலே அவன் விரல்கள் வேறொன்று பேசும். கட்டை மாறினால் விரலைத் தள்ளி வைத்தால் போதாது, தந்திகளையே இறக்கியாக வேண்டும். நான் கூட்டத்தோடு இரண்டு சிரிப்புப் பேச்சுப் பேசுவேன், அதற்குள் ஆறு தந்தியையும் முறுக்கி இறக்கிவிடுவான். கெட்டிக்காரன். இல்லை என்று நான் சொல்லவே இல்லையே?

உங்கள் மகள் கேட்டது அந்த முன்னிசையாகத்தான் இருக்கும். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். முன்னிசை முடிந்து நான் வாயைத் திறக்கும்போது கைதட்டல் அடங்கியிருக்காது. என் முதல் வரியே காதில் விழாது. பரவாயில்லை.

சரி, பூட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்குகிற இடத்தில் குறுக்காக ஒரு சின்னப் பட்டை இருக்கும். ஆறு தந்தியும் அதன் மேல் ஏறித்தான் முறுக்காணிகளுக்குப் போகும். சாதாரணக் கிட்டாரில் அது எலும்பு, இல்லாவிட்டால் பிளாஸ்டிக். ஆமோஸின் கிட்டாரில் இரும்பு. அதன் மேல் மூன்று பூட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு தந்திக்கு. ஆலன் கீ என்று ஒரு வளைந்த சாவி, அதைப் போட்டு இறுக்கிவிட்டால் தந்தி ஒரு மயிரிழை வழுக்காது. லாக்கிங் நட் என்பார்கள். எதற்கு என்றால், அவன் கிட்டாரின் அடியில் ஒரு கம்பிக் கைப்பிடி செருகலாம். அமுக்கினால் எல்லாத் தந்தியும் ஒன்றாகத் தளர்ந்து சுருதி கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். அழுது முடித்தவன் மூச்சை இழுக்கிற மாதிரி இருக்கும். பூட்டு இல்லாமல் அதைச் செய்தால் தளர்ந்த தந்தி பழைய இடத்துக்கு வராது.

அவன் கிட்டார் பழசு. மூன்று பூட்டில் ஒன்று உடைந்துவிட்டது, இன்னொன்றில் மரை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். அதனால் பூட்டுகளையே கழற்றிவிட்டு, கைப்பிடியையும் எடுத்துவிட்டு, அடியில் தந்திகளைத் தாங்குகிற பிரிட்ஜ் அசையாமல் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தான். "முன்னிசையோட கடைசியில அந்த இழுப்பு வரணும் அண்ணாச்சி, அது வந்தாத்தான் அது முடியும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். நம் ஊரில் அந்தச் சாமான் கிடைக்காது. நான் மெட்ராஸில் தெரிந்தவரிடம் சொல்லி, அளவு சொல்லி, வரவழைத்தேன். யார் வரவழைத்தது? நான். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கச்சேரி வருகிறது, பையன் ஆசைப்படுகிறான் என்று. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கச்சேரிக்கு முந்தின நாள் மத்தியானம். இதே அறை. இந்த மேஜை மேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் கிட்டாரைப் படுக்க வைத்தான். தந்திகளை எல்லாம் கழற்றினான். பழைய பட்டையின் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் பார்த்தால், அகலம் சரி, ஸ்க்ரூ ஓட்டை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. நானாக இருந்தால் அடித்து இறக்கியிருப்பேன். அவன் பதறவே இல்லை. தீக்குச்சியைச் சீவிப் பசை தடவிப் பழைய ஓட்டைகளை அடைத்தான். காயட்டும் என்று உட்கார்ந்திருந்தான். பிறகு கையால் சுற்றுகிற சின்னத் துளைப்பானை வைத்து, பல் வைத்தியர் மாதிரி, புது ஓட்டை போட்டான்.

பட்டையை முடுக்கித் தந்தி போட்டுப் பார்த்தால் ஒரு தந்தி 'ஙர்' என்று அதிர்ந்தது. புதுப் பட்டை கொஞ்சம் மெலிசு, அதனால் தந்தி தாழ்ந்துவிட்டது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினான். மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு கீற்று வெட்டிப் பட்டைக்கு அடியில் வைத்தான். கழுத்தின் மூன்றாம் கட்டத்தில் தந்தியை அமுக்கிக்கொண்டு, முதல் கட்டத்தில் தந்திக்குக் கீழே ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்தான். காகிதம் உரசிக்கொண்டு வந்தது. "இவ்வளவுதான் அண்ணாச்சி இடைவெளி இருக்கணும்" என்று சிரித்தான். மூக்கு நுனியில் வேர்வை. நான் என் துண்டால் துடைத்துவிட்டேன். அவன் கண் என்னவோ கிட்டாரை விட்டு அகலவில்லை.

நான்தான் அப்போது சொன்னேன்: "ஏலே, பூட்டை முழுசா இறுக்கிராத. மழைப் பாட்டுக்குக் கட்டை மாத்த வேண்டி வந்தா என்ன செய்வ?"

சொன்னேனா இல்லையா? என் வாயால் நானே சொன்னேன் சார். அந்த நேரத்தில் என் மனசு அவ்வளவு சுத்தம்.

"அதான் அண்ணாச்சி நானும் யோசிக்கேன்" என்றான். பிறகு தலையைத் தூக்காமலே, "ஒரு விசயம் சொல்லணும். தயாபரன் சார் நாளைக்கு வாராரு" என்றான்.

தயாபரன் என்றால் மெட்ராஸில் சினிமாப் பாட்டுகளுக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் கொடுப்பவர். அவர் கை காட்டினால் ஸ்டுடியோவில் நாற்காலி நிச்சயம். அவருக்குச் சொந்த ஊர் பக்கத்தில்தான். பொங்கலுக்கு வருகிறவர், யாரோ சொல்லி, முன்னிசையைக் கேட்க வருகிறாராம்.

"புடிச்சிருந்தா சித்திரையிலேயே கூட்டிட்டுப் போயிருதேன்னு ஆள்ட்ட சொல்லி விட்டிருக்காரு அண்ணாச்சி. அம்மாட்டகூட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல."

என்னிடம்தான் முதலில். நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, என்னிடம் முதலில்!

"நல்ல விசயம்டே" என்றேன். வேறென்ன சொல்வது? சித்திரை, வைகாசி எங்களுக்குக் கல்யாணக் காலம். அதை அவன் யோசித்தானா? என் வயசை யோசித்தானா? அவன் கையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்: "பெரிய மனுசன் வாராரு. அந்த இழுப்பு சுத்தமா வர வேண்டாமா? பூட்டை இறுக்கு."

"இறுக்கிட்டா கட்டை எறக்க முடியாதே அண்ணாச்சி. நாளைக்கு மழைப் பாட்டு அஞ்சுலயே பாடிருவீங்களா?"

நான் தலையாட்டினேன். தலைதான் ஆட்டினேன், சத்தியம் எதுவும் செய்யவில்லை. பாடகனிடம் நாளைய தொண்டையைப் பற்றிச் சத்தியம் கேட்கலாமா? பால்ராஜ் அப்போது கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி தொண்டை கவர்மெண்ட் பஸ்ஸுடே. வந்தாத்தான் வந்துச்சு" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆமோஸ்தான் ரொம்பச் சிரித்தான்.

ஐந்து கட்டைக்குச் சுருதி கூட்டினான். தந்திகளை இழுத்து இழுத்து விட்டு, மறுபடியும் கூட்டினான். மரத்துண்டை உருவிப் போட்டான். மூன்று பூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, இது ஒரு சுற்று, அது ஒரு சுற்று என்று இறுக்கினான். இறுக்கும்போது சுருதி ஒரு பொட்டு ஏறுமாம். அதைப் பிரிட்ஜில் இருக்கிற பொடித் திருகுகளால் சரிசெய்தான். கைப்பிடியைச் செருகி, ஒரு தட்டுத் தட்டி, அமுக்கி விட்டான்.

சார், அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது. பால்ராஜ் துணியைக் கீழே போட்டுவிட்டான். அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இவன் போய்விடுவான் என்று.

ஆலன் கீயை வழக்கமாகக் கிட்டார் தலைக்குப் பின்னால் ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்திருப்பான். மறுநாள் மேடை ஏறுமுன் பார்த்தேன், வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரிந்தது. பிய்த்து என் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டேன். பெரிய மனுசன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஒட்டுநாடாவோடு நிற்கலாமா?

கச்சேரி நன்றாகப் போனது. கோயில் திடல் நிறையக் கூட்டம். தயாபரன் முன்வரிசையில், வெள்ளைச் சட்டை. பக்கத்தில் ஆமோஸின் அம்மா, புதுச் சேலை. அவளுக்கும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. மழைப் பாட்டுக்கு முன்னால் தண்ணீர் குடித்தேன். தொண்டையில் ஏதோ கரகரவென்று இருந்தது. தொண்டை என்ன மிஷினா? கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நாலு விரல் காட்டினேன்.

பால்ராஜ் பொத்தானை அமுக்கினான். தபேலாக்காரர் தபேலாவை மாற்றினார். திரும்பிப் பார்த்தால் ஆமோஸ் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் கை கிட்டார் தலைக்குப் பின்னால் போய்த் தடவியது. அங்கே என்ன இருக்கிறது? என் பையில் இருக்கிறது. மைக்கைப் பிடித்துக்கொண்டு பையில் கைவிட்டுத் துழாவ முடியுமா, நீங்களே சொல்லுங்கள். "அண்ணாச்சி" என்று உதட்டை அசைத்தான். நான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "அடுத்து நம்ம ஆமோஸின் முன்னிசை!" என்று அறிவித்துவிட்டேன். பெயரைச் சொல்லி அறிவித்தேன் சார். எந்தக் குழுவில் கிட்டார்க்காரன் பெயரைச் சொல்கிறார்கள்?

ஐந்திலேயே வாசித்தான். வேறு வழி இல்லையே, பூட்டியிருக்கிறதே. நன்றாகத்தான் வாசித்தான். கடைசியில் அந்த இழுப்பு வந்தது. திடலில் குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. அது ஏறி வந்து நிற்கிற நேரத்தில் பால்ராஜ் நாலில் வந்து சேர்ந்தான். நானும் நாலில் எடுத்தேன். சார், தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் விசில் அடித்தான். நான் பாட்டை நிறுத்தினேன். மூத்தவன் நான்தானே நிலைமையைச் சமாளிக்க வேண்டும்? மைக்கில் சொன்னேன்: "தம்பி இப்பவே மெட்ராஸ் ரயில் ஏறிட்டாரு. எறக்கிட்டு வாங்கப்பா!"

திடலே சிரித்தது. நல்ல சிரிப்பு. தயாபரன் சிரிக்கவில்லை, மணியைப் பார்த்தார். அடுத்த பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விட்டார். ஆமோஸின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பாட்டை நான் ஆறு கட்டையில் பாடினேன். தொண்டை அப்படித் திறந்துகொண்டது! அம்மன் கருணை, வேறென்ன.

மேடைக்குப் பின்னால் வந்து என் காலடியில் உட்கார்ந்தான். "கச்சேரியக் கெடுத்துட்டேன் அண்ணாச்சி. அஞ்சுலயே வருவீங்கன்னு நம்பிட்டேன்."

"நம்பினா மட்டும் போதுமாடே? விரலைப் பாக்க வேண்டாமா?" என்றேன்.

"பாத்தேன் அண்ணாச்சி. பாத்தும் வாசிச்சுட்டேன். தப்புதான். மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டேன். வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பான். நான் தலையில் கை வைத்து, "போய்ச் சாப்பிடு" என்றேன். ஆலன் கீயையும் எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, "எங்க கெடந்துச்சு அண்ணாச்சி?" என்றான். "கெடந்துச்சு" என்றேன். மறுநாள் அவன் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

என் மனக்குறை இனிமேல்தான் சார். இவ்வளவு பெருந்தன்மையாக நடந்துகொண்டேனே, அவன் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தானா? அதற்குப் பிறகு வாசிப்பில் உயிர் இல்லை. மேடையில் என் முதுகையே பார்ப்பான். பாட்டு நடுவில்கூட என் இடது கையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். நான் முதுகைச் சொறிந்தால்கூட வாசிப்பை நிறுத்திவிடுவான்! முன்னிசை வாசிடே என்றால், "வேண்டாம் அண்ணாச்சி, தப்பு வரும்." ஆடியில் ஒருநாள் தந்திகளைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, "நான் ஒயர் வேலை பாத்துக்கிடுதேன்" என்றான். சரி என்றேன். இப்போது பால்ராஜ் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் சத்தம் வருகிறது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், வித்தியாசமே தெரியாது.

தயாபரனா? அவர் போன் செய்தார், கச்சேரி முடிந்த மறுவாரமே. பேனரில் என் நம்பர்தானே இருக்கும். "அந்தப் பையன் வாசிச்சதுல தப்பே இல்லையே. ஆரம்பிச்சதுல இருந்து முடிக்கிற வரைக்கும் அஞ்சு கட்டை, அவ்வளவு சுத்தம். நீங்கதான வேற எங்கயோ இருந்தீங்க? அவன் நம்பரக் குடுங்க" என்றார். பேச்சைப் பாருங்கள். நான் வேறு எங்கேயோ இருந்தேனாம்!

"அவன் கிட்டாரையே விட்டுட்டான் சார்" என்றேன்.

அன்றைக்கு அவன் விட்டிருக்கவில்லை. சரி. ஆனால் ஆடியில் விட்டுவிட்டானா இல்லையா? அப்படியானால் நான் சொன்னது பொய்யா? கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். போன மாதம்கூட அந்த மனுஷன் மறுபடியும் கூப்பிட்டார். விட மாட்டேன் என்கிறார். நான் அதே பதிலைத்தான் சொன்னேன். இப்போது அது முழு உண்மை.

இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை. எதற்கு? நீங்களும் சொல்லிவிடாதீர்கள். நொந்த பையன். இப்போதுதான் அடங்கி ஒரு வேலையில் இருக்கிறான். தெரிந்தால் தாங்க மாட்டான்.

இதோ, வந்துவிட்டான். "வாடே. ஒயரெல்லாம் சுத்தியாச்சா? அப்படியே நில்லு, சாருக்கு வணக்கம் சொல்லு. இவுக மக ஒன் வாசிப்பக் கேட்டிருக்காகளாம். அதெல்லாம் பழைய கதைன்னு சொல்லிட்டேன்."

என்ன சார், எழுந்துவிட்டீர்கள்? கல்யாணத் தேதியைச் சொல்லவே இல்லையே. சார், அங்கே ஏன் போகிறீர்கள்? அவன் கையை எதற்குப் பிடிக்கிறீர்கள்? சார். சார், வாசல் இந்தப் பக்கம்.